காதல் பாட்டுகளில் படித்த மொழி

அந்தக் காலையில் எனக்குப் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாமல் இருந்திருந்தால், அந்தக் குழந்தை பிழைத்திருக்குமா? இந்தக் கேள்வியை நான் எனக்குள் பலமுறை கேட்டிருக்கிறேன். பிறர் எவரும் என்னிடம் கேட்டதில்லை. அது அவர்களுடைய பெருந்தன்மை. உறுதியான விடை சொல்ல என்னால் இயலாது. நடந்தவற்றை நடந்த வரிசையில் எழுதிவைப்பது மட்டுமே இயலும்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. மதுரையில் பி.ஏ. முடித்திருந்தேன். சிலமலையில் என் குடும்பத்தார், பட்டம் பெற்றவன் ஏதேனும் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் நாற்காலி தேடுவான் என்று எதிர்பார்த்தார்கள். நானோ போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத் தோட்டத்தில் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பள்ளியில் சேர்ந்தேன். தகரக் கூரை வேய்ந்த ஒற்றை அறை. மழை பெய்தால் பாடத்தை நிறுத்திவிட வேண்டும், ஓசையில் என் குரல் எனக்கே கேட்காது. விடுதலை பெற்ற நாட்டில் படித்தவன் எங்கே தேவைப்படுகிறானோ அங்கே போய் நிற்க வேண்டும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். தேவைப்படுகிறேன் என்ற நினைப்பு எனக்குக் கொடுத்த இன்பத்தில்தான் தவறு இருந்தது.

அந்த ஆண்டு ஆனியில், காய் உலர்த்தும் கட்டடத்தில் புதிதாக வைத்த எண்ணெய் எஞ்சினைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வந்தார். கோவாக்காரர், இளமையில் ஆப்பிரிக்காவில் போர்த்துக்கீசியர் ஆண்ட ஒரு துறைமுக நகரத்துக்குப் பிழைக்கப் போனவர், அங்கேயே மணம் முடித்து, பின் கொச்சிக்கு வந்து, அங்கிருந்து எங்கள் மலைக்கு வந்திருந்தார். தொழிலாளர்கள் அவருக்கு ‘எஞ்சின் தொர’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தமிழை அவர் எஞ்சின் ஆட்களிடமிருந்தே பொறுக்கிக்கொண்டார். ஆகவே அவர் பேச்சில் மலையாளமும் வசவும் சம அளவில் கலந்திருந்தன. வசவு எது என்று அவருக்குத் தெரியாது.

அவர் மனைவி அந்தத் துறைமுக நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். தமிழ் தெரியாது, ஆங்கிலம் தெரியாது. அறிந்தது போர்த்துக்கீசியம் ஒன்றே. வந்தபோதே மூன்று மாதக் கர்ப்பம். பிள்ளைப்பேற்றுக்குக் கோவாவிலுள்ள மாமியார் வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. கோவா அப்போது போர்த்துக்கீசியர் கையில்தான் இருந்தது; அந்த ஆவணியில் அதன் எல்லை அடைபட்டது, ரயில் நின்றது, கடிதமும் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. தாய்வீடு கடலுக்கு அப்பால், மாமியார் வீடு அடைத்த எல்லைக்கு அப்பால் என்று ஆனபிறகு, மார்கழி தொடக்கத்தில் மதுரைக்கு அழைத்துப்போய்விடலாம் என்று கணவர் முடிவு செய்தார்.

முதல் இரண்டு மாதம் லயத்துப் பெண்கள் அந்த வீட்டுக்குத் தாராளமாகப் போய்வந்தார்கள். வரிசை வீடுகளான லயத்துக்கும் எஞ்சின்காரர் வீட்டுக்கும் நடுவே ஒரு சரிவுதான். காய் பறிக்கப் போகும் வழியில் ஒருத்தி கீரைக்கட்டை நீட்டுவாள். ஒருத்தி மாங்காய் ஊறுகாய் கொடுத்து, அந்தப் பெண் முகம் கோணுவதைக் கண்டு சிரிப்பாள். லயத்தில் பிரசவம் பார்க்கிற ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் இருந்தார், ராசிங்காபுரத்துக்காரர். எல்லோரும் அவரை ஆத்தா என்பார்கள். அவர் வாரம் ஒருமுறை போய், அந்தப் பெண்ணின் வயிற்றில் கை வைத்துப் பார்த்து, விரல்களை மடக்கி மாதம் காட்டிவிட்டு வருவார். பேச்சு என்ற ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டதாகவே தெரியவில்லை.

“தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போகாம இந்தக் காட்டுல கெடக்குதே புள்ள. நம்ம ஊருல இப்படி விடுவாகளா?” என்று ஆத்தா தண்ணீர்க் குழாயருகே சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். “ஏழு முடிஞ்சா அனுப்பிரணும். அது மனசும் அங்கதான் கெடக்கும்.”

நான் எண்ணினேன்: இவ்வளவு தொலைவு வந்து பேச்சுத்துணை இல்லாமல் இருக்கும் ஒரு பெண்ணுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தால் என்ன? கணவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

“அவளுக்கு வெக்கம் கூடுதல், வாத்தியார். நீங்க எங்க பாஷை படிங்க. அது எளுப்பம்.”

“புத்தகம் வேண்டுமே?”

“புத்தகம் எந்தினு? பெட்டிப் பாட்டு இருக்கே!”

பெட்டிப் பாட்டு என்றது அவர்கள் கப்பலில் கொண்டுவந்த கிராமபோனை. பதினோரு இசைத்தட்டுகள். பதினொன்றும் காதல் பாட்டுகள். துறைமுகத்தில் விற்பது அதுதான், மாலுமி வாங்குவதும் அதுதான் என்றார். வாரத்தில் மூன்று மாலைகள் நான் அவர் வீட்டு முன்னறைக்குப் போனேன். அவர் தட்டைச் சுழலவிடுவார். ஒரு வரி பாடியதும் ஊசியைத் தூக்கிவிட்டு, சொல்லை உடைத்துப் பொருள் சொல்வார். நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். அவர் மனைவி உள்ளறை வாசலில் அமர்ந்து எதையாவது தைத்துக்கொண்டிருப்பார். நான் தவறாக உச்சரிக்கும்போது மட்டும் அவர் கையிலுள்ள ஊசி நிற்கும்.

தமிழ் எழுத்துக்கு அந்த மொழி வியக்கத்தக்க வகையில் இணங்கியது. ‘கொரஸாவுங்’ என்றால் நெஞ்சு. ‘தோர்’ என்றால் வேதனை. பாட்டில் அது எப்போதும் பிரிவின் வேதனை. ‘ஷ்பேரா’ என்றால் காத்திரு. ‘அமஞ்ஞா’ என்றால் நாளை. ஒரு பாட்டில், துறையை விட்டுப் புறப்படும் மாலுமி ‘பார்த்து’ என்று இழுத்துப் பாடுவான். நான் போகிறேன், பிரிகிறேன் என்று பொருள். நம் சொல்லைப் போலவே ஒலித்ததால் அதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் காதலி விடை பாடுவாள்: ‘நாவுங் பார்த்தஷ்’, போகாதே. அதை அடுத்து ‘மெயு அமோர்’, என் அன்பே.

மூன்று மாதத்தில் ஏறத்தாழ முந்நூறு சொற்கள் சேர்ந்தன. சாகும்வரை காத்திருப்பேன் என்று அந்த மொழியில் என்னால் பிழையின்றிச் சொல்ல முடிந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கத் தெரியாது. எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரியாது. எனக்குத் தெரிந்த வாக்கியங்கள் அனைத்தும், ஓர் ஆடவன் பிறன் மனைவியிடம் சொல்லக்கூடாத வாக்கியங்கள். அந்த விந்தையை நான் கவனிக்கவே செய்தேன். வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன்.

ஆனால் தோட்டம் அதை வேறு விதமாகக் கணித்தது. வாத்தியாருக்குக் கோவாப் பேச்சு தெரியும் என்று செய்தி பரவியது. லயத்துப் பெண்கள் கீரையை என்னிடமே கொடுத்தனுப்பத் தொடங்கினார்கள். “சாருதான் இருக்காகல்ல. என்ன வேணும்னு அவுகளே கேட்டுச் சொல்லட்டும். நாம போயி ஊமைச் சாடை காட்டுனா அந்தம்மா என்ன நெனைக்கும்?” என்றாள் ஒருத்தி. மடக்கிய விரல்களும் சிரிப்பும் நின்றுபோயின. ஆத்தா வாரந்தோறும் போவதும் நின்றது. என்னிடம், “புள்ள நல்லா இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க சார்” என்பார். நான் கேட்பேன். ‘நெஞ்சம் நலமா’ என்ற பாட்டு வரியைத்தான் கேட்பேன். அந்தப் பெண் புன்னகைத்துத் தலையசைப்பார். நலம் என்று நான் ஆத்தாவுக்குச் சொல்வேன். அப்போதே எனக்கு இது உறைத்திருக்க வேண்டும்.

ஐப்பசி மழை அந்த ஆண்டு ஓயவில்லை. காய் பறிப்பு உச்சத்தில் இருக்கையில் எஞ்சினின் ஒரு பாகம் உடைந்தது. பச்சைக் காய் மூட்டை மூட்டையாக வியர்த்துக் கிடந்தது. இரண்டு நாள் போனால் நிறம் போய்விடும். கணவர் கொச்சிக்குப் புறப்பட்டார். போகுமுன் பள்ளிக்கு வந்து வாசலில் நின்றார்.

“ரெண்டு திவசம், வாத்தியார். நாளான்னிக்கு வந்துருவேன். அவ ஏதாவது சொன்னா நீங்க கேட்டுக்கணும். இந்த மலையிலே அவ பேச்சு உங்களுக்கு மட்டும்தான் அறியும்.”

நான் பெருமையோடு ஒப்புக்கொண்டேன்.

அவர் போன மறுநாள் காலை, பள்ளி மணி அடித்த சற்று நேரத்தில் அவர்கள் வீட்டுச் சமையற்காரன் வந்தான். மலையாளத்துக்காரன், நடுவயது.

“சாரே, அம்மை கரையுது.”

அவன் பேச்சில் கரைவது என்றால் அழுவது. “ஏன்? என்ன சொன்னார்?”

“என்னமோ சொல்லுது. ‘பாத்து, பாத்து’ன்னு தமிழ் பறையுது சாரே. நானும் சுத்திச்சுத்திப் பாக்கறேன். எதைப் பாக்கணும்னு தெரியல. பாம்பு கெடக்குதான்னு கட்டிலுக்கு அடியிலகூட நோக்கிட்டேன்.”

நான் சிரித்தேன். அதை மறைப்பதற்கில்லை; நான் சிரித்தேன். “அது தமிழ் இல்லையப்பா. ‘போகிறேன்’ என்று அவர்கள் பாஷையில் அர்த்தம்.”

“போகுதா? எங்கே போகுது?”

அந்தக் கேள்வியில் என் சிரிப்பு அடங்கியது. பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு அவனுடன் இறங்கினேன்.

மூடுபனி வீட்டுப் படிவரை வந்திருந்தது. போடிக்கு ஏலக்காய் கொண்டுபோகும் ஜீப்பு, லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டி, சரிவின் கீழே நின்றது. அந்தப் பெண் முன்னறை வாசலில் நின்றார். இரு கைகளாலும் கதவு நிலையைப் பற்றி, நெற்றியை அதில் சாய்த்திருந்தார். காலடியில் ஒரு சிறு தோல்பெட்டி பூட்டித் தயாராக இருந்தது. என்னைக் கண்டதும் நிமிர்ந்து, ஒரே மூச்சில் பேசினார். பாட்டில் ஊசியைத் தூக்கலாம். இங்கே தூக்க இயலவில்லை. எனக்குத் தெரிந்த சொற்கள் மட்டும் பனியில் விளக்குகளைப் போலத் தெரிந்தன. ‘பார்த்து.’ மறுபடியும் ‘பார்த்து.’ அதற்கு முன் ‘ஊ’ என்றொரு சிற்றொலி. அழுகையின் மூச்சு என்று விட்டுவிட்டேன். ‘தோரிஷ்’: வேதனைகள். ‘ஜா வேய்ன்’: இதோ வருகிறது, அல்லது வருகிறார்.

எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியதுதான் கொடுமை. கணவர் இல்லை, நெஞ்சில் வேதனை, போகிறேன் என்கிறார், பெட்டி தயார், ஜீப்பு நிற்கிறது. ஆத்தா குழாயடியில் சொன்னதும் நினைவுக்கு வந்தது: அது மனசும் அங்கதான் கெடக்கும். ஏழு மாதக் கர்ப்பிணி தனியாகக் கோவாவுக்குப் புறப்படுகிறார் என்று முடிவு செய்தேன். விளைவுகளை எண்ணிப்பார்ப்பது என் வழக்கம், அன்றும் எண்ணினேன். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் ஜீப்பின் குலுக்கல். அதன்பின் ரயில். ரயில் நிற்கும் இடத்தில் அடைத்த எல்லை, காவலர்கள், அந்நிய ஆட்சியின் தாள்களை வைத்திருக்கும் ஒரு பெண். கணவர் திரும்பிவந்து என்னைக் கேட்பார். ஒவ்வொரு விளைவும் என்னை ஒரே முடிவுக்கே கொண்டுவந்தது: இவரைப் போகவிடக்கூடாது.

“அமஞ்ஞா,” என்றேன். கணவர் நாளை வந்துவிடுவார் என்ற பொருளில்.

அவர் தலையை வேகமாக அசைத்தார். ‘நாவுங் போஸு ஷ்பெரார்’ என்றார். என்னால் காத்திருக்க முடியாது. இந்த வரி நான்கு பாட்டுகளில் வருகிறது. அதனால் அதன் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும் என்றே நினைத்தேன்.

அவர் ஜீப்பைச் சுட்டிக்காட்டினார். குனிந்து பெட்டியை எடுக்க முயன்றார்; பாதியில் நின்று நிலையைப் பற்றிக்கொண்டார். நான் பெட்டியை எடுத்து உள்ளே வைத்தேன். போகவேண்டாம் என்பதைச் சொல்ல என்னிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அன்பே என்ற கடைசிச் சொற்களை வெட்டிவிட்டு அதைச் சொன்னேன்: ‘நாவுங் பார்த்தஷ். ஷ்பேரா.’ போகாதீர்கள். காத்திருங்கள்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் சொன்னது அவருக்கு நன்றாகப் புரிந்தது. அதை ஏன் சொல்கிறேன் என்பதுதான் புரியவில்லை. ஏதோ மிக மெதுவாகச் சொன்னார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதை நான் இணக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

கீழே ஓட்டுநர் ஒலிப்பானை அடித்துக்கொண்டிருந்தான். எங்கள் ஊர்ப் பக்கத்து இளைஞன். என்னிடம் உரிமையோடு பேசுவான்.

“வாத்தியாரண்ணே, அம்மா வருதா இல்லையா? காலையில கையக் காட்டி நிப்பாட்டுச்சே! வெரசாச் சொல்லுங்க. மழ எறங்குச்சுன்னா வளைவுல லோடோட படுத்துக்கிருவேன்.”

“வரவில்லை. நீ புறப்படு.”

“பொட்டியெல்லாம் எடுத்து வச்சிருந்தாகளே?”

“அது வீட்டு விஷயமப்பா. மனச்சங்கடம். நான் பேசிவிட்டேன்.”

“சரித்தேன்.” அவன் சிரித்துக்கொண்டே கியரை மாற்றினான். “அவுக பாஷை உங்களுக்குத்தான தெரியும். எனக்குத் தெரிஞ்சது இந்த எருமையோட பாஷை ஒண்ணுதேன்.”

ஜீப்பு பனிக்குள் இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் அதன் ஒலி அமுங்கி எழுந்து, பின் எழாமல் போயிற்று.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கடினமானது. ஜீப்பை அனுப்பியது அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்ததை அப்படிச் சொல்ல இயலாது. கணவன் இல்லாத வேளையில் வீட்டைவிட்டுப் போக முயன்றாள் என்ற பேச்சு லயத்தில் கிளம்பினால், அந்தப் பெண்ணின் மானம் என்ன ஆகும் என்று யோசித்தேன். சமையற்காரனிடம், “யாரையும் வீட்டுக்குள் விடாதே. லயத்துப் பெண்கள் வந்தால் அம்மா உறங்குகிறார் என்று சொல்” என்றேன். பள்ளிக்கு ஏறும் வழியில் ஆத்தா எதிர்ப்பட்டார். தோளில் காய்க் கூடை.

“அந்தப் புள்ள அழுகுதாமே சார்? நான் ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்.”

“வேண்டாம் ஆத்தா. வீட்டு நினைப்பு. நான் பேசிவிட்டேன், அடங்கிவிட்டார்.”

“மேலுக்கு ஒண்ணுமில்லையே?”

“ஒன்றுமில்லை. அவரே சொன்னார்.”

ஆத்தா சிறிது நேரம் வீட்டின் பக்கம் பார்த்தார். பிறகு கூடையைச் சரிசெய்துகொண்டு மலையேறிப் போனார். அவர் போன பகுதி தோட்டத்தின் மறு கோடியில் இருந்தது.

நான் பாடம் நடத்தினேன். மழை வந்தது, பாடத்தை நிறுத்தினேன். தகரத்தின் மேல் விழும் மழையில் வேறெந்த ஓசையும் கேட்கவில்லை. மூன்று மணி சுமாருக்கு மழை விட்டதும் சமையற்காரன் ஓடிவந்தான். அவனுக்கு இந்தமுறை பேச்சே சரியாக வரவில்லை. கதவு திறக்கவில்லை, உள்ளே அம்மா போடும் சத்தம் அழுகை மாதிரி இல்லை என்பதை மட்டும் சொன்னான். நான் இரண்டு பையன்களை ஆத்தாவிடம் ஓடச் சொல்லிவிட்டு வீட்டுக்கு இறங்கினேன். சாத்திய கதவின் முன் நின்றேன். முந்நூறு சொற்களில் ஒன்றும் வாயில் வரவில்லை.

ஆத்தா வந்ததும் என்னை விலக்கிவிட்டுக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தார். உள்ளே பார்த்த கணத்தில் கூடையைக் கீழே போட்டார்.

“சுடுதண்ணி! வெரசா! துணி கொண்டா!” என்று சமையற்காரனை விரட்டினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். “இது காலையிலேருந்து வலிச்ச வலி. அவுக நின்ன நெலையப் பாத்தாலே தெரியுமே சார். நீங்க பாக்கலையா?”

நிலையைப் பற்றி நின்றதைப் பார்த்திருந்தேன். நெற்றியைச் சாய்த்திருந்ததையும் பார்த்திருந்தேன். ஆத்தா கதவை மூடினார்.

குழந்தை கால் முன்னே வந்தது. பெண் குழந்தை. பிறந்தபோது உயிர் இருந்தது என்றும் அழவில்லை என்றும் ஆத்தா பின்னர் சொன்னார். துணி தேடிய சமையற்காரன் நான் உள்ளே வைத்த அந்தத் தோல்பெட்டியைத் திறந்தான். அதில் பயணத்துக்கான உடைகள் இல்லை. கைப்பிடியளவு சட்டைகள், நூல் தொப்பி ஒன்று, மடித்த வெள்ளைத் துணிகள் இருந்தன. என் பாடங்களின்போது உள்ளறை வாசலில் தைத்தவை. அவற்றில் ஒன்றில் குழந்தையைச் சுற்றி ஆத்தா தன் மார்போடு வைத்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்குள் அதன் மூச்சு அடங்கிவிட்டது.

தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. ஐந்து மணிக்குள் ஜீப்பு திரும்பியது தற்செயல்; அன்று போடியில் மூட்டை இறக்கச் சுணங்கியிருந்தால் அவரையும் இழந்திருப்போம். தார்ப்பாயை விரித்து அவரைக் கிடத்தினோம். ஆத்தா தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் ஓட்டுநருக்கு அருகில் அமர்ந்தேன். பின்னாலிருந்து ஆத்தாவின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது: “இந்தா, கண்ணத் தொற. ஆத்தா இருக்கேன்ல. கண்ணத் தொற தாயி.” அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் கண்ணைத் திறந்தார் என்று ஆத்தா சொன்னார்.

போடி ஆஸ்பத்திரியில் அவர் பிழைத்தார். டாக்டர் என்னிடம், குறைமாதக் குழந்தை, அதுவும் கால் முன்னே வந்தது; காலையிலேயே கொண்டுவந்திருந்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார். பிறகு, “ஆனால் கொண்டுவந்திருக்கலாம்” என்றார்.

மறுநாள் பகலில் கணவர் கொச்சியிலிருந்து மலைக்கு வந்து, செய்தி கேட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் சாக்கில் சுற்றிய எஞ்சின் பாகம். மனைவியைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் என்னருகே அமர்ந்தார். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் மனைவி சொன்ன சொற்கள், நான் கொண்ட பொருள், நான் அளித்த விடை.

அவர் சாக்கில் சுற்றிய பாகத்தைத் தரையில் வைத்தார்.

“‘பார்த்து’ன்னாளா?”

“ஆமாம். போகிறேன் என்று...”

“முன்னால ஒரு ‘ஊ’ உண்டாயிருந்ததா? ‘ஊ பார்த்து’?”

இருந்தது. மூச்சு என்று நான் தள்ளிய ஒலி.

“பாட்டுல அது போறேன். முன்னால ‘ஊ’ வந்தா வேற. அது பேறுகாலம், வாத்தியார். பிரசவம்.” அவர் குரல் உயரவில்லை. “‘தோரிஷ்’னா இடுப்பு வலி. ‘ஜா வேய்ன்’னா... கொச்சு வருது, கொழந்தை இப்போ வருதுன்னு சொல்லியிருக்கா.”

நான் நாளை என்று விடை சொல்லியிருந்தேன்.

“நான் உங்களுக்கு வீட்டு வாக்கு ஒண்ணும் படிப்பிக்கல. பாட்டு மதி, அது போதும்னு நெனச்சேன்.” பழியில் பாதியை அவர் தம் பக்கம் இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அதை நான் அவரிடம் விட்டுவிட விரும்பவில்லை. முந்நூறு சொல் அறிந்தவன் தனக்கு எத்தனை தெரியாது என்பதை அவரைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் அவர் மனைவியைப் பார்க்க என்னை உள்ளே அழைத்துப்போனார். ஆத்தா கட்டிலின் கால்மாட்டில் தரையில் அமர்ந்திருந்தார். கூலியை விட்டுவிட்டு அங்கேயே தங்கியிருந்தார். அந்தப் பெண் என்னை நோக்கி ஒரு வாக்கியம் சொன்னார். நீளமானதல்ல. அதில் எனக்குத் தெரிந்த இரண்டு சொற்கள் இருந்தன. அவற்றை வைத்து எதையும் ஊகிக்க நான் துணியவில்லை. கணவரிடம், என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

“வேண்டாம் சார்,” என்றார் அவர்.

நான் மீண்டும் கேட்கவில்லை.

தை பிறப்பதற்குள் அவர்கள் கொச்சிக்குத் திரும்பினார்கள். புது எஞ்சின்காரர் வந்தார், காய் உலர்ந்தது. என்னை யாரும் குற்றம் சொல்லவில்லை. லயத்தில் அது விதி என்று பேசப்பட்டது. படிக்காத ஒருவர் இதைச் செய்திருந்தால் அவரை நாங்கள் அவ்வளவு எளிதாக விட்டிருப்போமா என்று நினைத்துப் பார்த்தேன். நடந்ததை முழுவதும் எழுதி, என் பங்கையும் எழுதி, தோட்டத்து முதலாளிக்கு ஒரு மனு கொடுத்தேன். அவர் அழைத்து, “இதையெல்லாம் ஏன்யா எழுத்துல வைக்கிறீரு?” என்று கேட்டார். எழுத்தில் இல்லாவிட்டால் அடுத்த மழைக்குள் மறந்துபோகும் என்றேன். அவர் தாளை மடித்து மேசைக்குள் வைத்தார். ஆறு மாதம் தொடர்ந்து கேட்ட பின் இரண்டு காரியங்கள் நடந்தன.

பயிற்சி பெற்ற மருத்துவச்சி ஒருவர் தோட்டத்துக்கு வந்தார்; ஆத்தா அவருக்குத் துணையாகக் கூலியோடு நியமிக்கப்பட்டார். லோடு ஜீப்பு, லயத்திலும் வீடுகளிலும் யாரேனும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமா என்று பெண்களிடம் கேட்டுவிட்டே மலையிறங்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. நான் போர்த்துக்கீசியம் படிப்பதை நிறுத்தினேன். அதன்பின் எவருடைய பேச்சையும் நான் ஒருவனாக நின்று பிறருக்கு எடுத்துச் சொன்னதில்லை.